நலன் முரண் என்பது குற்றமா? உள்ளாட்சி நடத்தை விதிகள்: ஓர் எளிய விளக்கம்

ஒரு நகர மன்றத்தின் சாலைப் பணி ஒப்பந்தம், மன்ற உறுப்பினர் ஒருவருடைய மைத்துனரின் நிறுவனத்துக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செய்தி வெளியானதும் ஒரு தரப்பு "ஊழல்" என்கிறது. மறுதரப்போ, "அவர் ஒரு காசுகூட வாங்கவில்லை, மைத்துனர் கேட்ட தொகைதான் இருப்பதிலேயே குறைவு, இதில் என்ன தவறு?" என்று திருப்பிக் கேட்கிறது. சண்டை நாள்கணக்கில் நீண்டாலும் ஒரு முடிவுக்கு வருவதில்லை. பணம் கைமாறியதா என்ற ஒரே கேள்வியை இரு தரப்பும் சுற்றிச் சுற்றி வருவதுதான் இதற்குக் காரணம். அது லஞ்சத்தைப் பற்றிய கேள்வி. அந்த ஒப்பந்தத்தைப் பற்றி மன்றம் பேசியபோது அந்த உறுப்பினர் எங்கே உட்கார்ந்திருந்தார், உறவைச் சொன்னாரா, எந்தத் தாளில் கையெழுத்திட்டார் என்பவையே நடத்தை விதிகள் கேட்கும் கேள்விகள். அவற்றை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

உள்ளாட்சி அமைப்புகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களும் அங்கே சம்பளத்துக்குப் பணிபுரிபவர்களும் தங்கள் பதவியையும் சொந்த வாழ்க்கையையும் ஒன்றோடொன்று கலக்காமல் வைத்துக்கொள்ள வகுக்கப்பட்டவையே நடத்தை விதிகள். நாட்டுக்கு நாடு, ஏன் நகரத்துக்கு நகரம்கூட, இவற்றின் சொற்கள் மாறும். அடியில் ஓடும் தர்க்கம் பெரிதாக மாறுவதில்லை. இந்தக் கட்டுரை அந்தத் தர்க்கத்தைப் பற்றியது.

மகன் ஆடும் ஆட்டத்துக்குத் தந்தை நடுவரானால்

சிறுவர்களின் பந்தாட்டம் ஒன்றுக்கு நடுவர் வரவில்லை. அங்கிருந்த ஒருவரை நடுவராக நிற்கச் சொல்கிறார்கள். அவர் நேர்மையானவர் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவருடைய மகன் ஓர் அணியில் ஆடுகிறான். கடைசி நிமிடத்தில் பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்ற ஐயம் எழுகிறது. மகனின் அணிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தால் மற்றவர்கள் முணுமுணுப்பார்கள். அந்த முணுமுணுப்புக்குப் பயந்து எதிராகத் தீர்ப்பளித்தால், மகனின் அணியில் உள்ள பத்துப் பேருக்கு அநியாயம் நடந்திருக்கலாம். எந்தப் பக்கம் கையைக் காட்டினாலும், தான் பார்த்ததைச் சொன்னாரா, பார்க்க விரும்பியதைச் சொன்னாரா என்பது பிறருக்கு மட்டுமல்ல, அவருக்கே தெரியாது. சிக்கல் அவருடைய குணத்தில் இல்லை. அவர் நிற்கும் இடத்தில் இருக்கிறது.

இந்த நிலைக்குப் பெயர்தான் நலன் முரண். பொதுக் கடமை ஒன்றைச் செய்ய வேண்டியவருக்கு, அந்தக் கடமையைச் செய்யும் விதத்தைப் பாதிக்கக்கூடிய சொந்த நலனும் இருக்கும் நிலை என்று அதற்கு வரையறை சொல்லலாம். இதில் "நிலை" என்ற சொல்லை அழுத்தி வாசிக்க வேண்டும். செய்தித்தாள்களின் விளையாட்டுப் பக்கங்களில் இதையே "இரட்டை ஆதாயம்" என்று எழுதுவதுண்டு. அச்சொல் என்னைப் பொறுத்தவரை பெரும் குழப்பத்துக்குக் காரணம். ஒருவர் இரு பக்கமும் ஆதாயம் பார்த்துவிட்டார் என்ற பொருளை அது தந்துவிடுகிறது. நலன் முரணிலோ, ஆதாயம் இன்னும் வந்திருக்கவே வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் 1852-இல் முடிந்த ஒரு வழக்கு இதைத் தெளிவாக்கும். கால்வாய் நிறுவனம் ஒன்றுக்கும் நில உரிமையாளர் ஒருவருக்கும் இடையிலான வழக்கில், நாட்டின் மிக உயர்ந்த நீதிப் பதவியில் இருந்த காட்டன்ஹாம் பிரபு நிறுவனத்துக்குச் சாதகமான ஆணைகளை உறுதிசெய்தார். அந்த நிறுவனத்தில் அவருக்குப் பங்குகள் இருந்தது பிறகு தெரியவந்தது. மேல்முறையீட்டை விசாரித்தவர்கள், அந்தப் பங்குகள் அவருடைய மனத்தைச் சிறிதளவும் அசைத்திருக்கும் என்று யாரும் நினைக்க முடியாது என்று எழுதினார்கள். எழுதிவிட்டு, அவருடைய ஆணையை ரத்தும் செய்தார்கள். அவரைக் குற்றவாளி ஆக்காமலேயே அவருடைய முடிவை நீக்க முடிந்ததுதான் இதில் கவனிக்க வேண்டியது.

இதுவரை சொன்னதன் சுருக்கம் இது: லஞ்சம் ஒரு செயல். நலன் முரண் ஒரு நிலை. நிலைக்குள் சிக்குவது தவறாகாது. சிக்கியதை மறைப்பதும், சிக்கிய நிலையிலேயே முடிவெடுப்பதும்தான் தவறு.

உள்ளாட்சியில் இது ஏன் அன்றாடம் நிகழ்கிறது

நாடாளுமன்றம் ஒரு வரிச் சட்டத்தை இயற்றினால் அது கோடிக்கணக்கானவர்களைத் தொடும். உள்ளாட்சி எடுக்கும் முடிவோ பெரும்பாலும் ஒரு தெருவை, ஒரு மனையை, ஒரு கட்டட வரைபடத்தைத் தொடுவது. விவசாய நிலத்தைக் குடியிருப்பு நிலமாக மாற்ற அனுமதித்தால் ஒரே கையெழுத்தில் அதன் மதிப்பு பல மடங்காகும். சாலையை அகலப்படுத்தக் கோடு போட்டால், கோடு பத்தடி இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதில் யாருடைய வீட்டுச் சுவர் இடியும் என்பது அடங்கியிருக்கிறது.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. உலகின் பல இடங்களில் உள்ளாட்சி உறுப்பினர்கள் முழுநேர அரசியல்வாதிகள் அல்லர். கடை நடத்துபவர், மனை விற்பவர், பள்ளி ஆசிரியர், கட்டுமானப் பொறியாளர் ஆகியோரே மாலை நேரத்தில் மன்றத்தில் வந்து உட்காருகிறார்கள். அவர்களுக்கு ஊரில் தொழிலும் உறவும் இருக்கத்தான் செய்யும். ஊரோடு எந்தத் தொடர்பும் இல்லாதவரைத் தேடிப்பிடித்து உறுப்பினராக்கினால் முரண் வராதுதான். ஆனால் அவருக்கு ஊரின் தேவையும் தெரியாது. ஆகவே முரணே எழாதபடி செய்ய விதிகள் முயல்வதில்லை. எழும்போது என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதோடு நின்றுகொள்கின்றன.

எது சொந்த நலன்

முதலில் வருவது பொருள் நலன். நிலம், பங்கு, வேலை, கடன், ஒப்பந்தம் என்று பணத்தால் அளக்கக்கூடிய எதுவும் இதில் அடங்கும். அது பதவியில் இருப்பவரின் பெயரிலேயே இருக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் 2011-ஆம் ஆண்டின் உள்ளூர்மயச் சட்டப்படி, மன்ற உறுப்பினர் பதவியேற்ற 28 நாள்களுக்குள், குறிப்பிட்ட பொருள் நலன்களைப் பதிவேட்டில் சேர்க்கும்படி அறிவிக்க வேண்டும். தமக்குத் தெரிந்தவரை தம் கணவர் அல்லது மனைவியின் நலன்களும் அதில் சேரும். "வீடு என் பெயரில் இல்லை, அவள் பெயரில் இருக்கிறது" என்ற பழைய சாக்குக்கு அங்கே இடமில்லை. உறவையும் நட்பையும் பகையையும் எவ்வளவு தூரம் கணக்கில் எடுப்பது என்பதில் நாடுகள் வேறுபடுகின்றன. பகையும் ஒரு நலன்தான் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ஒருவரைப் பழிவாங்கக் கிடைக்கும் வாய்ப்பும் பொதுக் கடமையைச் சாய்க்கக்கூடியதே.

எது சொந்த நலன் ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மன்றம் வீட்டு வரியை உயர்த்துவது குறித்து விவாதிக்கும்போது, வீடு வைத்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோரும் எழுந்து போக வேண்டியதில்லை. ஊரில் எல்லோருக்கும் ஒரே விதமாகப் பாதிப்பு உண்டாகும் இடத்தில் உறுப்பினருக்கும் அதே பாதிப்பு வந்தால் அது முரணாகக் கருதப்படுவதில்லை. மற்றவர்களுக்கு இல்லாத தனிப் பங்கு அவருக்கு இருக்கிறதா என்பதே உரைகல். ஒருவர் மீது இந்தக் குற்றச்சாட்டு வீசப்படும்போது இதை உரசிப் பார்த்தாலே பாதிக் குற்றச்சாட்டுகள் உதிர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2003-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் முரணை மூன்று விதமாகப் பார்க்கின்றன. இப்போதே இருப்பது ஒன்று. உண்மையில் இல்லாவிட்டாலும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இருப்பதாகத் தோன்றுவது இன்னொன்று. இன்று இல்லை, நாளை ஒரு பொறுப்பு வந்தால் எழும் என்பது மூன்றாவது. நடுவில் உள்ளதுதான் அதிக எரிச்சலைத் தருவது. "நான் செய்யாத ஒன்றுக்கு, தோற்றத்துக்காக நான் ஏன் விலக வேண்டும்?" என்று நேர்மையானவர்கள்தான் கேட்பார்கள். அதற்கான பதில் அடுத்த பகுதியில் இருக்கிறது.

சொல்வதும் எழுந்து போவதும்

நடத்தை விதிகளின் உயிர் இரண்டு செயல்களில் இருக்கிறது. தனக்குள்ள நலனை உரிய நேரத்தில், எழுத்தில் பதியும்படி சொல்வது வெளிப்படுத்தல். அந்தப் பொருளின் விவாதத்திலும் வாக்கெடுப்பிலும் பங்கெடுக்காமல் இருப்பது விலகல்.

இது நடக்கும் விதத்தை ஒரு கூட்டத்தில் பார்ப்போம். பொருள் நிரலில் ஏழாவதாக ஒரு மனைப்பிரிவுக்கான அனுமதி இருக்கிறது. செயலர் தலைப்பை வாசிக்கிறார். உறுப்பினர் ஒருவர் எழுந்து, "இந்த மனைப்பிரிவை ஒட்டி எனக்கு நிலம் இருக்கிறது, ஆகவே இந்தப் பொருளில் நான் கலந்துகொள்ளவில்லை" என்கிறார். தாள்களை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போகிறார். அவர் கதவைச் சாத்தும்வரை தலைவர் காத்திருக்கிறார். செயலர் தீர்மானப் புத்தகத்தில் அவர் பெயரையும், சொன்ன காரணத்தையும், வெளியேறிய நேரத்தையும் எழுதுகிறார். விவாதம் முடிந்து வாக்கெடுத்த பிறகே அவரை உள்ளே அழைக்கிறார்கள். எல்லாம் ஒரு நிமிட வேலை. பார்க்கச் சடங்கு போலவும் இருக்கும்.

"வாயை மூடிக்கொண்டு உள்ளேயே இருந்தால் போதாதா?" என்ற கேள்வி உடனே வரும். இதற்கும் ஒரு பழைய வழக்கே விடை. இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் வாகன விபத்து ஒன்றில் ஓட்டுநர் மீது குற்ற வழக்கு நடந்தது. அந்த நீதிமன்றத்தின் எழுத்தராக அன்று இருந்தவர், அதே விபத்துக்காக அந்த ஓட்டுநரிடம் இழப்பீடு கேட்டுக்கொண்டிருந்த வழக்கறிஞர் நிறுவனத்தைச் சேர்ந்தவர். தீர்ப்பை முடிவுசெய்ய நீதிபதிகள் உள்ளறைக்குச் சென்றபோது எழுத்தரும் கூடவே சென்றார். உள்ளே அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை, யாரும் அவரிடம் எதையும் கேட்கவும் இல்லை. இருந்தும் 1923 நவம்பரில் மேல் நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. நீதி வழங்கப்பட்டால் மட்டும் போதாது, அது வழங்கப்படுவது ஐயத்துக்கு இடமின்றி வெளிப்படையாகத் தெரியவும் வேண்டும் என்று தலைமை நீதிபதி ஹியூவர்ட் பிரபு சொன்னது இந்த வழக்கில்தான். எழுத்தர் பேசவில்லை என்பது உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியும். வெளியே நின்றவருக்கு எப்படித் தெரியும்? ஒருவர் அறையில் உட்கார்ந்திருப்பதே ஒரு பேச்சுதான். நாளை அவர் முகத்தில் விழிக்க வேண்டியவர்கள் அவர் எதிரிலேயே கைதூக்குவதில் ஒரு தயக்கம் இருக்கும்.

பலர் ஒரே நேரத்தில் விலகிவிட்டால், கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கை, அதாவது கோரம், இல்லாமல் போகலாம். கலிபோர்னியா மாநிலத்தில், வேறு வழியே இல்லாதபோது விலகியவர்களுக்குள் சீட்டுக் குலுக்கி, கோரத்துக்கு எத்தனை பேர் குறைகிறார்களோ அத்தனை பேரை மட்டும் திரும்ப அழைக்க விதி அனுமதிக்கிறது. யார் வர வேண்டும் என்பதை யாருடைய விருப்பத்துக்கும் விடாமல் இருக்கவே இந்தச் சீட்டு.

உத்திரமேரூர்க் கல்வெட்டில் நாம் கவனிக்காத பாதி

சீட்டு என்றதும் குடவோலை நினைவுக்கு வரும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் உத்திரமேரூரில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளைப் பற்றிப் பேசும்போது நாம் பானையையும் ஓலையையும் பெருமையாகச் சொல்கிறோம். ஓலையில் யாருடைய பெயர் எழுதப்படக் கூடாது என்று அவை நீளமாகச் சொல்வதை அவ்வளவாகச் சொல்வதில்லை. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயர் கூடாது. அவருடைய சிற்றன்னை, பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் என்று உறவினர் பட்டியலே வருகிறது, அவர்கள் பெயரும் கூடாது. கடந்த மூன்றாண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவரும் மீண்டும் வர முடியாது. அது சொந்த நிலமும் கல்வியும் உடைய பிராமண ஆண்களின் சபை. ஊரார் எல்லோருக்குமான மன்றம் அன்று. அதை மறந்துவிட்டு மக்களாட்சி என்று கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனாலும் கணக்கு, உறவு, தொடர்ந்து பதவியில் ஒட்டிக்கொள்வது என்ற மூன்று இடங்களில்தான் உள்ளாட்சி கெடும் என்று அந்தச் சபையார் கண்டுகொண்டிருந்தார்கள். இன்றைய விதிகளும் அந்த மூன்றையே சுற்றி வருகின்றன.

பரிசும் முன்கூட்டித் தெரிந்த செய்தியும்

ஒரு குறிப்பிட்ட வேலைக்கு ஈடாகத் தருவதும் பெறுவதும் லஞ்சம். பரிசு எந்த வேலையையும் குறிப்பிடாமல் வருகிறது. "தேனெடுத்தவன் புறங்கையை நக்கமாட்டானா?" என்று நம்மிடையே ஒரு பழமொழி உண்டு. இதுவும் பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான் என்ற பொருளில்தான் அதைப் பெரும்பாலும் சொல்கிறோம். பரிசு விதி அந்தப் பொறுத்தலைக் குறிவைக்கிறது. வாங்கியவர் மனத்தில் நன்றி தங்கும், நன்றியுள்ளவர் அடுத்த முறை கோப்பைச் சற்று வேகமாக நகர்த்துவார். எந்தக் கோப்பு எந்தப் பரிசுக்காக நகர்ந்தது என்று யாராலும் மெய்ப்பிக்க முடியாது. அதனால்தான் பல விதிகள் உள்நோக்கத்தை ஆராயாமல் ஒரு தொகையை வரம்பாக வைத்துவிடுகின்றன. நியூயார்க் நகரத்தில், நகராட்சியோடு தொழில் தொடர்பு உள்ளவரிடமிருந்து 50 டாலரோ அதற்கு மேலோ மதிப்புள்ள பரிசை ஊழியர் பெறக் கூடாது. ஒரே ஆளிடமிருந்து 12 மாதங்களுக்குள் வரும் சிறு பரிசுகளையும் கூட்டித்தான் பார்ப்பார்கள்.

அதே நகரத்தின் பழைய அரசியல்வாதி ஜார்ஜ் வாஷிங்டன் பிளங்கிட் "நேர்மையான கொள்ளை" என்றே ஒன்று உண்டென்று பகிரங்கமாகச் சொன்னவர். அவருடைய பேச்சுகள் 1905-இல் நூலாக வந்தன. ஓரிடத்தில் பூங்கா வரப்போகிறது என்று கட்சிக்காரர்கள் வழியாக அவருக்கு முதலிலேயே தெரிந்துவிடும். அங்குள்ள நிலத்தை வாங்கிப்போடுவார். திட்டம் வெளியானதும் நல்ல விலைக்கு விற்பார். யாரையும் மிரட்டவில்லை, கருவூலத்தில் கைவைக்கவில்லை, வாய்ப்பைப் பார்த்தேன், எடுத்துக்கொண்டேன் என்பது அவர் வாதம். இதில் இழந்தவர் யார்? பூங்கா வருவது தெரியாமல் பழைய விலைக்கு நிலத்தை விற்றவர் ஒருவர். பூங்காவுக்கான நிலத்துக்குக் கூடுதல் விலை கொடுத்த நகரம் இன்னொருவர். பதவியால் மட்டும் தெரியவந்த செய்தி பதவியின் சொத்து, அதைச் சொந்தக் கணக்குக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி இந்த வாதத்துக்கு நேர் மறுப்பு.

சுருக்கமாக இவ்வளவுதான்: பரிசு வரம்பு மெய்ப்பிக்க முடியாத நன்றிக் கடனைத் தடுக்கிறது. உள்செய்தி விதி, கண்ணுக்குத் தெரியாத இழப்பாளரைக் காக்கிறது.

ஊழியர்களுக்குக் கூடுதலாகச் சில

உறுப்பினரைத் தேர்தலில் மாற்றலாம். ஊழியர் முப்பது ஆண்டுகள் அதே மேசையில் இருப்பார். ஆகவே அவருக்கு விதிகள் சற்று இறுக்கமாக இருக்கும். அலுவலக வண்டியையும் நேரத்தையும் சொந்த வேலைக்கோ தேர்தல் வேலைக்கோ பயன்படுத்தக் கூடாது. தான் ஆய்வு செய்யும் நிறுவனத்திடமே பகுதிநேர வேலை பார்க்கக் கூடாது. ஓய்வு பெற்ற மறுநாளே ஒப்பந்ததாரரின் ஆலோசகராகத் தன் பழைய அலுவலகத்துக்கு வந்து நிற்க முடியாதபடி பல இடங்களில் இடைவெளிக் காலம் உண்டு.

விதி இருந்தும் கெட்ட ஒரு நகரம்

கலிபோர்னியாவில் பெல் என்ற சிறு நகரம் இருக்கிறது. 2010-இல் அங்கே 35,000 பேருக்குச் சற்றுக் கூடுதலான மக்கள் இருந்தார்கள், பெரும்பாலும் குறைந்த வருமானம் உள்ளவர்கள். அந்நகரின் நிர்வாகி ஆண்டுக்கு ஏறத்தாழ 8 லட்சம் டாலர் சம்பளம் பெறுவதையும், பகுதிநேர மன்ற உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஏறத்தாழ ஒரு லட்சம் டாலர் பெறுவதையும் 2010 ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் நாளிதழ் வெளியிட்டது. உறுப்பினர்களின் தொகை பல துணை வாரியங்களின் பெயரில் பிரித்துக் காட்டப்பட்டிருந்தது. அவற்றின் கூட்டங்கள் சில நிமிடங்களில் முடிந்துவிடும், சில நடக்கவே இல்லை. மாநிலச் சட்டத்தின் சம்பள வரம்பிலிருந்து நகரம் விலகிக்கொள்ள வழிவகுத்த 2005-ஆம் ஆண்டுத் தேர்தலில் 400 பேர்கூட வாக்களிக்கவில்லை. நிர்வாகிக்கு 2014-இல் 12 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. சொந்த நலன் குறித்த கடுமையான சட்டங்கள் 1974-லிருந்தே அந்த மாநிலத்தில் இருந்தன. தீர்மானப் புத்தகத்தைத் திறந்து பார்க்க ஆள் இல்லாமல் போனது.

முன்னால் கேட்பதும் பின்னால் பேசுவதும்

விசாரணையும் தண்டனையும் செய்தியாகின்றன. விதிகளின் பெரும் பயன் செய்தியாகாத இடத்தில் இருக்கிறது. நியூயார்க் நகரத்தின் நலன் முரண் வாரியம், செய்யப்போவதைப் பற்றி முன்கூட்டியே கேட்கும் ஊழியர்களுக்கு ரகசியமாக ஆலோசனை தருகிறது. "என் தங்கை வேலை பார்க்கும் நிறுவனம் ஒப்பந்தப்புள்ளி கொடுத்திருக்கிறது, நான் மதிப்பீட்டுக் குழுவில் இருக்கலாமா?" என்று ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டுவிட முடிந்தால், கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட சண்டை பிறக்கவே வாய்ப்பிருக்காது.

விலகியவர் ஊமையாகிவிடுவதும் இல்லை. கலிபோர்னியாவில் தன் சொந்த வீட்டைப் பாதிக்கும் முடிவிலிருந்து விலகிய உறுப்பினர், பொதுமக்கள் பேசும் நேரத்தில் பேசலாம். ஆனால் மேடையில் உள்ள தன் நாற்காலியிலிருந்து அன்று. கீழே இறங்கி, மற்றவர்களைப் போலவே தன் முறைக்குக் காத்திருந்து, பொதுமக்களுக்கான ஒலிபெருக்கியின் முன் நின்று பேச வேண்டும்.